மூன்றாம் மணி அடிக்கும் முன்

எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவில் மணி (தேவாலயத்தை நாங்கள் கோவில் என்றுதான் சொல்வோம்) மூன்று முறை அடிக்கும். முதல் மணி ஆராதனைக்கு ஒரு மணி நேரம் முன்னால். அது அடுப்படியில் நிற்பவர்களுக்கு. இரண்டாம் மணி அரை மணி நேரம் முன்னால். அது தலை சீவாதவர்களுக்கு. மூன்றாம் மணி ஓய்வதற்குள் உள்ளே உட்கார்ந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு நுழைகிறவரைச் சபையே திரும்பிப் பார்க்கும். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துக்குப் பக்கத்தில், பனையும் செம்மண்ணுமாக ஒரு சின்னக் கிராமம். கடிகாரம் இல்லாத வீடுகள் அன்று நிறைய இருந்தன. மணி கேட்காத வீடு ஒன்றுகூட இல்லை.

“ஏட்டி, ரெண்டாம் மணி அடிச்சாச்சு, இன்னும் ரிப்பன் கட்டலையா?” என்று அம்மா உள்ளேயிருந்து கத்துவாள். என் சிறுவயது ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் முன்னால் காதில் விழுவது அந்தக் குரல்தான்.

இப்போது சென்னையில் இருக்கிறேன். நாங்கள் போகும் கோவிலிலும் மணி உண்டு, ஏழு கிலோமீட்டர் தள்ளி எனக்குக் கேட்காமல் அடிக்கிறது. அதற்குப் பதிலாகச் செல்போனில் அலாரம் வைத்திருக்கிறேன். ஐந்தரைக்கு ஒன்று, ஐந்தே முக்காலுக்கு ஒன்று, ஆறு மணிக்கு ஒன்று. அதுவும் மூன்றுதான். என்ன, இதைத் தூக்கத்திலேயே அணைத்துவிடலாம். ஆறு மணிக்கு எழுந்தால் அப்புறம் ஓட்டம். இட்லி வேகும்போதே மத்தியானக் கறிக்கு வெங்காயம் உரிக்க வேண்டும். பையனை மூன்று தடவை எழுப்ப வேண்டும். இவர் பாமாலைப் புத்தகத்தைத் தேடுவார், கார் சாவியைத் தேடுவார், கடைசியில் கண்ணாடியைத் தேடுவார். அது அவர் தலைமேல் இருக்கும். ஏழு பத்துக்குக் கார் கிளம்பினால் எட்டு மணி ஆராதனைக்கு வண்டி நிறுத்த இடம் கிடைக்கும். ஏழு இருபது ஆனால் கிடைக்காது. அந்தப் பத்து நிமிடத்துக்காக எங்கள் வீட்டில் நடந்த சண்டைகளுக்குக் கணக்கே இல்லை. காரில் யாரும் யாருடனும் பேச மாட்டோம். கோவில் வாசலில் கதவைத் திறந்து இறங்கும்போது நான்கு பேர் முகத்திலும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிடும். “ஸ்தோத்திரம்க்கா, நல்லா இருக்கீங்களா?” “கர்த்தர் கிருபையில நல்லா இருக்கோம்.”

இதைப் படித்துச் சிரிக்கிறவர்கள் வீட்டிலும் இதே கதைதான் என்று எனக்குத் தெரியும்.

ஆராதனைக்கு மனதை ஆயத்தப்படுத்த வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறேன். சொல்லப்போனால் அந்த ‘ஆயத்தம்’ என்ற சொல்லையே கோவிலில்தான் கற்றேன். வீட்டில் எல்லாரும் ‘ரெடி’ என்றுதான் சொல்வோம். திருச்செந்தூர் போகிற வழியில் ஒரு துணிக்கடைப் பலகையில் ‘ஆயத்த ஆடைகள்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்து, அது கோவிலுக்குப் போட்டுக்கொண்டு போகிற விசேஷ ஆடை என்று ரொம்ப நாள் நம்பியிருந்தேன். தைத்து மாட்டி வைத்த, போட்டவுடன் பொருந்துகிற ஆடை என்றுதான் அதற்குப் பொருள் என்று பின்னால் தெரிந்தது. இப்போது யோசித்தால், நாங்கள் வாசலில் மாட்டிக்கொள்ளும் அந்தச் சிரிப்புக்கு அந்தப் பெயர் சரியாகத்தான் இருக்கிறது.

இன்று பல சபைகளில் மனதை ஆயத்தப்படுத்தும் பொறுப்பைக் கீபோர்டு எடுத்துக்கொண்டுவிட்டது. ஒரு ஸ்வரத்தை மெல்லிசாகப் பிடித்துக்கொண்டே இருப்பார்கள். பாடலை நடத்துகிற தம்பி கண்ணை மூடிக்கொண்டு, “உங்க பாரங்களை எல்லாம் வெளியில வச்சிட்டு வாங்க” என்பார். நான் அதைக் கிண்டல் செய்யவில்லை, எனக்கும் அப்போது கண்ணீர் வந்திருக்கிறது. ஆனால் வெளியில் வைத்துவிட்டு வரச் சொல்கிற அந்தப் பாரம் யாருடையது, அதை வெளியில் யார் காவல் காப்பது என்ற கேள்வி எனக்கு வந்துகொண்டே இருக்கும். செருப்பை வாசலில் விட்டுப் போனால் திரும்பி வரும்போது அதே இடத்தில் இருக்கும். பாரமும் அப்படித்தான் இருந்தது.

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்து வீடு துடைக்க ஒருவர் வருகிறார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். பெயரை எழுதப் போவதில்லை. வாரத்தில் ஏழு நாளும் வருவார். மற்ற நாட்களில் எட்டு மணிக்கு வந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆறரைக்கு வரச் சொல்லியிருந்தேன். நாங்கள் கோவிலுக்குக் கிளம்புமுன் வேலை முடிய வேண்டும் அல்லவா? இதை எழுதும்போதுதான் முழுசாக உறைக்கிறது: நான் ஓய்வுநாளை ஆசரிப்பதற்காக இன்னொருத்தி ஒன்றரை மணி நேரம் முன்னதாக வேலைக்கு வந்துகொண்டிருந்தாள், பல வருஷமாக.

அன்று மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து, அதாவது அப்பமும் திராட்சரசமும் வாங்கும் ஆராதனை. ஆறரை ஆயிற்று, ஆறே முக்கால் ஆயிற்று, ஆளைக் காணோம். ஆறு ஐம்பத்தைந்துக்கு மூச்சு வாங்க வந்தார். “தண்ணி லாரி வந்துச்சுக்கா, புடிச்சு வச்சிட்டு ஓடியாறேன்” என்றார். நான் ஈரத் தலையோடு நின்றுகொண்டு, “உனக்கு ஒரு நாளாவது நேரத்துக்கு வரத் தெரியுமா? உன்னால எங்களுக்குக் கோவிலுக்கு லேட்டு” என்றேன். இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. இன்னும் இரண்டு வாக்கியம் சொன்னேன். அவற்றை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு குழாயைத் திறந்தார். நான் உள்ளே போய் வெள்ளைச் சேலையைக் கட்டினேன். எங்கள் பக்கத்துப் பெண்களுக்குத் திருவிருந்து என்றால் வெள்ளைச் சேலைதான், அது சட்டமில்லை, பழக்கம். முந்தின நாள் அந்தச் சேலைக்கு இஸ்திரி போட்டு நாலாக மடித்து வைத்தவரும் அவர்தான்.

கோவிலில் பாவ அறிக்கைக்கு முழங்கால் போட்டோம். அந்த ஜெபம் எனக்கு மனப்பாடம். வாய் அதுபாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போகும், மனம் கறிக்குத் தேங்காய் அரைத்தேனா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருக்கும். அன்று அந்த ஜெபத்தின் நடுவில் குழாயில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. கோவிலில் ஏது குழாய்? என் தலைக்குள்தான். அதோடு, “புடிச்சு வச்சிட்டு ஓடியாறேன்” என்ற குரலும்.

மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில் ஒரு வசனம் எல்லாருக்கும் தெரியும். பலிபீடத்தினிடத்தில் காணிக்கையோடு வந்து நிற்கிறாய், “உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில்” காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகி வா என்கிறது. நாற்பது வருஷமாக இதை நான் தப்பாகவே வாசித்திருக்கிறேன். யார்மேல் எனக்குக் குறை என்று தேடி, பெரிய மனது பண்ணி அவர்களை மன்னித்து, அந்தத் திருப்தியோடு பந்திக்குப் போவேன். வசனம் அதைக் கேட்கவில்லை. யாருக்கு என்மேல் குறை என்று கேட்கிறது. எனக்குப் பட்ட காயம் எனக்கு எப்போதும் ஞாபகம் இருக்கும், அதற்கு ஆயத்தம் தேவையில்லை. நான் குத்திய இடம்தான் மறந்துபோகும்.

இன்னொன்றும் உண்டு. இயேசு இதைச் சொன்னது கலிலேயாவில். பலிபீடம் இருந்தது எருசலேமில். நடுவில் நூறு கிலோமீட்டருக்கு மேல் நடை. கலிலேயாவிலிருந்து ஆட்டையோ புறாவையோ கொண்டுபோனவன், ஊரில் விட்டுவந்த ஒரு சண்டை ஞாபகம் வந்தால், பலியை அப்படியே நிறுத்திவிட்டு நாட்கணக்கில் நடந்து திரும்பி, பேசி முடித்து, மறுபடி அத்தனை தூரம் நடந்து வர வேண்டும். கேட்டுக்கொண்டிருந்த கலிலேயர்களில் யாராவது சிரித்திருக்கக்கூடும். அல்லது, வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்னாலேயே அதை முடித்துவிடுவது நல்லது என்று அவர்களுக்குப் புரிந்திருக்கும்.

நான் எழுந்து போகவில்லை. எனக்கு ஏழே கிலோமீட்டர்தான், காரும் இருந்தது. ஆனால் வரிசை நகர்ந்தது, பின்னால் இருந்த அக்கா லேசாகத் தொட்டார், போய் முழங்கால் போட்டு அப்பத்தையும் பாத்திரத்தையும் வாங்கிக்கொண்டேன். அதற்கு முன்னால் சமாதானமும் கொடுத்தேன். எங்கள் தென்னிந்திய திருச்சபை 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி சென்னையில் தோன்றியது. அதன் திருவிருந்து முறைமை 1950-இல் வந்தது. ஒருவர் குவித்த கைகளை அடுத்தவர் தன் இரு கைகளால் பொத்தி வாங்கி, அடுத்தவருக்குக் கடத்தும் இந்த வழக்கத்தைக் கேரளத்துச் சிரியன் சபைகளிடமிருந்து அதில் எடுத்துக்கொண்டார்கள். பந்திக்கு முன்னால் இதை வைத்ததற்குக் காரணம் அந்த மத்தேயு வசனம்தான். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் ஓய்வுபெற்ற டீச்சர், அவருக்கும் எனக்கும் ஒரு பிரச்சினையும் கிடையாது. மெத்தென்ற கை. சமாதானம் கொடுப்பது ரொம்பச் சுலபமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தது. அவர் போயிருந்தார்.

மத்தியானம் கறி இறங்கவில்லை என்று சொன்னால் பொய். சாப்பிட்டேன், தூங்கவும் செய்தேன். சாயங்காலம் காப்பியோடு பால்கனியில் உட்கார்ந்தபோதுதான் ஊர்ச் சனிக்கிழமைகள் ஞாபகம் வந்தன.

எங்கள் ஊரில் திருவிருந்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆயத்த ஆராதனை நடக்கும். திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். ஞாயிறு ஆராதனையின் பகட்டு எதுவும் அதில் இருக்காது. காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்த தலை இன்னும் சீயக்காய் மணத்தோடு இருக்கும். சனி நீராடுவதை மதம் மாறியதற்காக யாரும் விட்டுவிடவில்லை. உபதேசியார் பத்துக் கட்டளைகளை வாசிப்பார். ஒவ்வொன்றுக்கும் சபையார் இரக்கம் கேட்டுப் பதில் சொல்வார்கள். “எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து” என்ற கொரிந்தியர் வசனம் தவறாமல் வரும். முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் நிஜமான ஆயத்தம் அதற்கு அப்புறம், தெருவில் நடக்கும்.

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரு சமயம் பேச்சுவார்த்தை இல்லை. கோழி விவகாரம். அவர்கள் கோழி எங்கள் கீரைப் பாத்தியைக் கிளறியது, அம்மா கல்லை எறிந்தாள், கோழிக்குக் கால் நொண்டியாகிவிட்டது. மூன்று வாரம் இரண்டு வீட்டுப் பெண்களும் வேலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துணி காயப்போட்டார்கள். அந்த மாத ஆயத்த ஆராதனை முடிந்து வந்ததும் அம்மா என் கையில் ஒரு தம்ளரைக் கொடுத்து, “பெரியம்மைட்ட உறைமோர் வாங்கிட்டு வா” என்றாள்.

“நம்ம வீட்டுலதான் சட்டி நிறைய மோர் இருக்கே.”

“சொன்னதைச் செய்யிட்டி.”

போய்க் கேட்டேன். பெரியம்மை தம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எங்கள் வீட்டு வாசலைப் பார்த்தாள். உள்ளே போய் ஊற்றிக்கொண்டு வந்தாள். “புளிக்காத மோராத்தான் இருக்கு, அம்மைட்ட சொல்லு” என்றாள். மறுநாள் காலையில் இரண்டாம் மணிக்கும் மூன்றாம் மணிக்கும் நடுவில் இருவரும் சேர்ந்தே நடந்து கோவிலுக்குப் போனார்கள். கோழியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. யாரும் யாரிடமும் மன்னிப்பு கேட்கவில்லை. ஆனால் அன்று எங்கள் வீட்டில் தோய்ந்த தயிர் அந்த வீட்டு மோரில் உறைந்தது.

அப்போது இது எனக்குப் பெரியவர்களின் கிறுக்குத்தனமாகப் பட்டது. இதற்கு ஒரு வரலாறு இருப்பது ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. நாசரேத், முதலூர், இடையன்குடி பக்கமெல்லாம் எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலத் திருச்சபை மிஷனரிச் சங்கத்தின் பகுதி. அவர்கள் கொண்டுவந்தது ஆங்கிலத் திருச்சபையின் ஜெபபுத்தகம், 1662-ஆம் ஆண்டுப் பதிப்பு. அதில் திருவிருந்து முறைமையின் தொடக்கத்திலேயே, பங்கு பெற நினைக்கிறவர்கள் முந்தின நாளாவது குருவிடம் பெயரைத் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. இரண்டு பேருக்குள் பகை இருப்பது குருவுக்குத் தெரிந்தால், அவர்கள் ஒப்புரவாகும்வரை பந்தியில் சேர்க்கக் கூடாது. ஒருவர் மனதார மன்னிக்கத் தயாராக இருந்து மற்றவர் முரண்டு பிடித்தால், தயாராக இருப்பவரைச் சேர்த்துக்கொண்டு முரண்டு பிடிப்பவரை நிறுத்தி வைக்கலாம். எவ்வளவு நடைமுறை அறிவு பாருங்கள்! ஊர்ச் சண்டையைப் பார்த்தே இராத ஒருவர் இதை எழுதியிருக்க முடியாது.

இதற்கும் முந்தியது உண்டு. ‘திதகே’ என்று ஒரு சின்ன நூல், முதல் இரண்டு நூற்றாண்டுகளுக்குள் எழுதப்பட்ட சபை ஒழுங்கு. காணாமல் போயிருந்து, 1873-இல் கான்ஸ்டான்டிநோபிளில் ஒரு கையெழுத்துப் பிரதியில் கிடைத்தது. கர்த்தருடைய நாளில் கூடுங்கள், முதலில் பாவங்களை அறிக்கையிடுங்கள், தோழனோடு சண்டையில் இருப்பவன் சமாதானமாகும்வரை உங்களோடு சேர வேண்டாம், உங்கள் பலி தீட்டுப்படாதிருக்கும்படி, என்கிறது. கீபோர்டும் இல்லை, கோவில் கட்டடமும் இல்லை. ஆயத்தம் என்றால் அவர்களுக்கு முதலில் இதுதான்.

கத்தோலிக்கத் தோழி ஒருத்தி இருக்கிறாள். சனிக்கிழமை சாயங்காலம் பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிட, போய்வந்து, “மனசு லேசாயிடுச்சு” என்பாள். அவளுடைய பாட்டி காலத்தில் நற்கருணை (திருவிருந்துக்கு அவர்கள் சொல்லும் பெயர்) வாங்க வேண்டுமென்றால் நள்ளிரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது. 1953-இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பத்திநாதர் தண்ணீரை அனுமதித்தார், 1957-இல் அதை மூன்று மணி நேர உபவாசமாக்கினார், 1964-இல் ஆறாம் சின்னப்பர் ஒரு மணி நேரமாகக் குறைத்தார். பாட்டி மட்டும் கடைசிவரை நள்ளிரவுக் கணக்கையே பிடித்துக்கொண்டிருந்தாராம். “போப்பாண்டவர் விட்டாலும் நான் விட மாட்டேன்” என்று சொல்வாராம். எனக்கு அந்தப் பாட்டியைப் பிடிக்கும். வயிறு காலியாக இருப்பது எதற்காகவோ காத்திருப்பதை உடம்புக்குச் சொல்லித் தரும். எங்கள் அம்மாவும் திருவிருந்து அன்று காப்பி குடிக்க மாட்டாள், அதை யாரும் அவளுக்குக் கட்டளையிடவில்லை. தலைவலியோடுதான் பாடுவாள்.

கவனித்தீர்களா, இதில் எதுவுமே ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்குவது இல்லை. எல்லாம் முந்தின நாள், முந்தின ராத்திரி. பைபிளில் சங்கீதம் 120 முதல் 134 வரை பதினைந்து ஆரோகண சங்கீதங்கள் இருக்கின்றன. எருசலேமுக்கு ஏறிப் போகிறவர்கள் வழியில் பாடியவை என்று பலர் சொல்கிறார்கள். ஏறுவது என்றால் நிஜமான ஏற்றம்தான். எரிகோ கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 250 மீட்டர், எருசலேம் மேலே சுமார் 750. அந்த வழியாகப் போகிறவர் மொத்தம் ஒரு கிலோமீட்டர் உயரம் ஏற வேண்டும். அந்தப் பாடல்களை வரிசையாக வாசித்தால் முதல் பாட்டே சண்டை. பொய் நாக்கு, சமாதானத்தை வெறுக்கிறவர்கள், நான் பேசினால் அவர்கள் யுத்தத்துக்கு நிற்கிறார்கள் என்ற புலம்பல். பதினான்காவது பாட்டில்தான் சகோதரர்கள் ஒருமித்து வாசம்பண்ணுவது எத்தனை இன்பம் என்று வருகிறது. நடுவில் பன்னிரண்டு பாட்டு தூரம். கால் வலிக்க நடந்தால்தான் அங்கிருந்து இங்கே வர முடியும் போலிருக்கிறது.

2020 ஊரடங்கில் எங்கள் ஆராதனையும் டிவிக்குள் வந்துவிட்டது. ஏழு ஐம்பத்தொன்பதுக்கு எழுந்து எட்டு மணிக்கு யூடியூபில் ஆராதனை. கார் சண்டை கிடையாது, அதுவரை நல்லதுதான். ஆனால் நடக்கவே இல்லாமல் போய்ச் சேர்ந்த இடம் போய்ச் சேர்ந்த மாதிரியே இல்லை. “நீ தேவாலயத்துக்குப் போகும்போது உன் நடையைக் காத்துக்கொள்” என்று பிரசங்கியில் இருக்கிறது. ஹாலில் சோபாவுக்கும் ஃபேனுக்கும் நடுவில் எந்த நடையைக் காப்பது?

மூன்றாம் நூற்றாண்டில் ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்தில் பேராயராக இருந்தவர் சிப்ரியன். 258-இல் அவரைத் தலை வெட்டிக் கொன்றார்கள். கர்த்தருடைய ஜெபத்தைப் பற்றி அவர் எழுதியிருப்பதில் ஒரு இடம் உண்டு. குருவானவர் ஜெபத்துக்கு முன்னால் “உங்கள் இருதயங்களை உயர்த்துங்கள்” என்று சொல்லிச் சகோதரர்களின் மனதை ஆயத்தப்படுத்துகிறார். அவர்கள் “கர்த்தரிடத்தில் உயர்த்துகிறோம்” என்று பதில் சொல்லும்போது, வேறெதையும் நினைக்கக் கூடாது என்று ஞாபகப்படுத்தப்படுகிறார்கள் என்கிறார். அதே கேள்வியையும் அதே பதிலையும்தான் நாங்களும் மாதம் தவறாமல் சொல்கிறோம். மனம் ஓடும் என்பது சிப்ரியனுக்கும் தெரிந்திருக்கிறது. அவர் சபையிலும் யாரோ ஒருத்தி அடுப்பை அணைத்தேனா என்று யோசித்துக்கொண்டு நின்றிருப்பாள். சங்கீதக்காரனும் தன் மனதைத் தானே கட்டிவிட்டதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. “என் இருதயத்தை ஒருமுகப்படுத்தும்” என்று கேட்கத்தான் செய்கிறான். அது எனக்கு ஆறுதல். ஆனால் இருதயத்தை உயர்த்துகிறோம் என்று சொல்கிற நேரத்தில், அதன் ஒரு முனையை என் வீட்டுச் சிங்க் பக்கம் ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தால் அது எப்படி மேலே வரும்?

திங்கட்கிழமை அவர் வந்ததும், “நேத்து நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது, சாரி” என்றேன். திரும்பாமலே, “அதுக்கென்னக்கா” என்றார். தேய்க்கிற கை நிற்கவில்லை. எத்தனை வீட்டில் எத்தனை தடவை அந்த ‘அதுக்கென்னக்கா’வைச் சொல்லியிருப்பார். என் ‘சாரி’ எனக்கு லேசாக இருந்ததே தவிர, அவருக்கு அதனால் ஒரு குடம் தண்ணீர்கூடக் கூடுதலாகக் கிடைக்கவில்லை.

அம்மாவின் தம்ளர் எவ்வளவு புத்திசாலித்தனமானது என்று அன்றுதான் விளங்கியது. அம்மா கேட்கிற இடத்தில் போய் நின்றாள். கொடுக்கிற இடத்தைப் பெரியம்மைக்கு விட்டுவிட்டாள். வேலைக்காரர் விஷயத்தில் எனக்கு அது அவ்வளவு சுலபமில்லை. அவரிடம் உறைமோர் கேட்டால் அதுவும் இன்னொரு வேலை ஆகிவிடும். உபாகமத்தில் ஓய்வுநாள் கட்டளையைத் திரும்ப எடுத்து வாசித்தேன். உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் “உன்னைப்போல” இளைப்பாற வேண்டும் என்று இருக்கிறது. ஒவ்வொரு ஆயத்த ஆராதனையிலும் உபதேசியார் கட்டளைகளை வாசிப்பார் என்று சொன்னேன் அல்லவா? பத்துக்கும் நான் பதில் சொல்லி வளர்ந்தவள்.

இரண்டு வாரம் கழித்து, “இனிமே ஞாயித்துக்கிழமை வர வேண்டாம்” என்றேன்.

கையைத் துடைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். “சம்பளத்துல புடிப்பீங்களாக்கா?”

“இல்ல, அதே சம்பளம்தான்.”

“அப்ப வேற ஆளு பாத்துட்டீங்களா?”

இல்லை என்று நம்பவைக்க இரண்டு சம்பளத் தேதி ஆயிற்று. முதல் ஞாயிறு சொன்னதை மீறி வந்து கதவைத் தட்டினார். காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினேன், அதையும் சந்தேகத்தோடுதான் குடித்தார்.

இப்போது எங்கள் வீட்டில் சனிக்கிழமைக்கு மறுபடி ஒரு வேலை வந்திருக்கிறது. மசாலாவை அன்றே அரைத்து வைத்துவிடுகிறேன். ராத்திரிப் பாத்திரத்தை இவரும் பையனும் கழுவுகிறார்கள், பாதி எண்ணெய்ப் பிசுக்கோடு. பாமாலைப் புத்தகம், கண்ணாடி, சாவி மூன்றும் வாசல் மேசையில் வந்து உட்கார வேண்டும் என்பது சட்டம். எல்லாம் ஒழுங்காகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஞாயிறு காலைச் சண்டை சனி ராத்திரிக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். போன மாதம்கூட முதல் பாட்டு முடிந்த பிறகுதான் உள்ளே நுழைந்தோம், எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். காலையில் ரொட்டியும் ஜாமும்தான். மாமியார் இருந்திருந்தால் இதற்கே ஒரு உபதேசம் நடந்திருக்கும்.

நான் அவரை ‘நீங்க’ என்று கூப்பிட ஆரம்பித்ததை அவர் முதலில் கேலி என்றே எடுத்துக்கொண்டார். இப்போது பழகிவிட்டது. போன வாரம் திங்கட்கிழமை, “நேத்து என்ன பண்ணீங்க?” என்று கேட்டேன்.

“எட்டரை வரைக்கும் தூங்கினேங்க்கா” என்றார். கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி இருந்தது. “அப்புறம் பாப்பாக்குத் தலை பின்னி விட்டேன். ஞாயித்துக்கிழமை லாரிக்காரன் ரொம்ப நேரம் நிப்பான்க்கா, அது எனக்கு இத்தனை நாளாத் தெரியாது. இப்ப ரெண்டு கொடம் சேத்துப் புடிக்கிறேன்.”